முப்பதாயிரத்துத் தகப்பன்

கண்ணாடிக் கடையில் அவனை வைரம் என்றுதான் கூப்பிடுவார்கள். சட்டைப் பையில் எப்போதும் செருகியிருக்கும் கண்ணாடி வெட்டும் பேனாவின் நுனியில் ஒரு பொட்டு வைரம் உண்டு. கடுகில் பாதிகூட இராது. அதைத் தவிர அவனிடம் வைரம் என்று சொல்லிக்கொள்ள எதுவும் இருந்ததில்லை. "பேரு வைரம், பாக்கெட்டுல பஸ்ஸுக்குக் காசு இல்ல" என்று கேலி செய்பவன் ரேடியோ. அதுவும் பட்டப்பெயர்தான். கடையில் சன்னல் சட்டம் அடிக்கும் வேலை அவனுக்கு. காலையில் ஷட்டரைத் தூக்கும்போது திறக்கும் வாய், மாலையில் ஷட்டரோடுதான் இறங்கும்.

வெட்டு மேசை கடையின் நடுவில் இருந்தது. அதன் மேல் பழைய கம்பளம் விரித்திருக்கும். பின்சுவர் நெடுகக் கண்ணாடித் தாள்கள் மரச்சட்டங்களில் சாய்ந்து நிற்கும். வேண்டிய தாளை இருவராகத் தூக்கிக் கம்பளத்தில் கிடத்தியதும், வைரம் அளந்து, அளவுகோலைப் பதித்து, பேனாவை மண்ணெண்ணெயில் தொட்டு ஒரே இழுப்பாக இழுப்பான். புதுத் துணி கிழிவது போல ஒரு சத்தம் வரும். கீறலை மேசையின் விளிம்புக்குக் கொண்டுவந்து இரண்டு கையாலும் ஓர் அழுத்து. டக் என்று பிரிந்துவிடும். தொழிலில் அவன் மீறாத விதிகள் இரண்டு. ஒரு முறை கீறிய கோட்டின் மேல் மறுபடி கீறக் கூடாது. கீறினால் கண்ணாடி தன் இஷ்டத்துக்கு உடையும். சட்டத்தின் அளவைவிட ஒரு நூல் குறைத்தே வெட்ட வேண்டும். குறைந்தால் இடுக்கில் பட்டி பூசிச் சமாளிக்கலாம். கூடினால் உள்ளே போகாது. பலவந்தமாகத் தள்ளினால் கையில் சில்லுதான் மிஞ்சும்.

இவ்வளவு தெரிந்தவன் தன் சம்பளத்தை மட்டும் கூட்டிச் சொன்னான். சரியாகச் சொன்னால், முதலில் சொன்னது அவன் இல்லை, அவனுடைய அக்கா.

அப்பா அம்மா போன பிறகு அவனை வளர்த்து ஆளாக்கியவள் அக்காதான். கல்யாணப் பேச்சுக்குப் பெண் வீட்டுக்குப் போனபோது அவள்தான் முன்னால் உட்கார்ந்தாள். எதிரே பெண்ணின் அப்பா. ஓர் அலுவலகத்தில் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவர். யார் எதைச் சொன்னாலும் சொன்னபடியே எடுத்துக்கொள்ளும் மனிதர். பக்கத்தில் பெண்ணின் அண்ணன், கடைக்காரர் சொல்லும் விலையில் பாதிக்குக் கேட்டு முக்கால் விலைக்கு வாங்கும் ரகம்.

"மாப்பிள்ளைக்கு மாசம் என்ன வருது?" என்று கேட்டவர் அந்த அண்ணன்.

வைரம் வாயைத் திறக்கும் முன்பே அக்கா, "முப்பது வருது" என்றாள்.

அப்போது அவனுக்குப் பதினைந்தாயிரம் சம்பளம். அவன் திரும்பி அக்காவைப் பார்த்தான். அவள் இந்தப் பக்கமே பார்க்காமல் தேநீரை ஊதிக்கொண்டிருந்தாள்.

"அப்படியா மாப்பிள்ளை?" என்று பெரியவர் அவனிடம் கேட்டார்.

அவன் தலையை ஆட்டினான். அவ்வளவுதான், வாயால் ஒரு சொல் சொல்லவில்லை.

தெருவுக்கு வந்ததும், "ஏன்க்கா அப்படிச் சொன்னே?" என்று கேட்டான்.

"போடா, ஊர்ல எல்லாரும் ரெண்டு மடங்காத்தான் சொல்லுவாங்க. கேக்கறவங்களும் பாதியைக் கழிச்சுக்கிட்டுத்தான் கேப்பாங்க. நாம உள்ளதைச் சொன்னா அதுலயும் பாதியைக் கழிச்சுருவாங்க. அப்புறம் உனக்கு யாரு பொண்ணு கொடுப்பா?"

அக்கா சொன்னதில் நியாயம் இருந்தது. அந்த வீட்டு அண்ணன் ஒருவேளை கழித்தும் இருப்பார். ஆனால் பெரியவர் கழிக்கவில்லை. அவருடைய மகளும் கழிக்கவில்லை.

கல்யாணமான முதல் மாதம் வைரம் சம்பளக் கவரில் தன் செலவுக்கு இரண்டாயிரத்தை எடுத்துக்கொண்டு மீதியை அப்படியே மனைவியிடம் கொடுத்தான். அவள் எண்ணிப் பார்த்து அலமாரியில் வைத்தாள். புதுப்பெண். சில மாதம் கழித்துத்தான் கேட்டாள்.

"மீதி எங்கங்க?"

"கடையில பிடிச்சு வெக்கிறாங்க."

"எதுக்கு?"

"உடையுற கண்ணாடிக்கு."

"மாசாமாசம் பாதிச் சம்பளத்துக்கா உடையுது? நீங்க கண்ணாடி வெட்டுறீங்களா, இல்ல கல்லெறியுறீங்களா?"

அவனுக்கே சிரிப்பு வந்துவிட்டது. அவளும் சிரித்தாள். அந்தச் சிரிப்பிலேயே உண்மையைச் சொல்லியிருக்கலாம். அவன் சொல்லவில்லை. அடுத்த ஆண்டு மகள் பிறந்தாள், செலவு கூடியது, அதே கேள்வி சிரிப்பில்லாமல் வந்தது. அக்கா கடனை அடைக்கிறேன் என்றான். அக்காவிடமே விசாரித்தாள், அக்கா ஒரு பதில் சொன்னாள், அவன் வேறு பதில் சொல்லியிருந்தான். ஒரு நண்பனுக்குக் கைமாற்றுக் கொடுத்தேன் என்றான். நண்பன் பெயரைக் கேட்டாள். பூசி மெழுகி மெழுகி, கடைசியில் மெழுக இடமே இல்லாமல் போயிற்று.

ஒரு நாள் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு அவள் கடைக்கே வந்துவிட்டாள். முதலாளி வெளியே போயிருந்தார். வைரம் ஒரு வீட்டில் கண்ணாடி மாட்டப் போயிருந்தான். இருந்தவன் ரேடியோ.

"அண்ணே, அவருக்கு இங்க நிஜமா எவ்வளவுதான் கொடுக்கறாங்க?"

நண்பனின் மானத்தைக் காப்பாற்றக் கிடைத்த வாய்ப்பை ரேடியோ விடவில்லை. "என்ன அண்ணி இப்படிக் கேட்டுட்டீங்க! வைரத்துக்குக் கொடுக்காம முதலாளி வேற யாருக்குக் கொடுப்பாரு? முப்பது என்ன, நாப்பதே கொடுக்கலாம். இவன் இல்லைன்னா கடையை இழுத்து மூடிட்டுப் போக வேண்டியதுதான்."

அவள் வீட்டுக்குத் திரும்பி நடந்தாள். பணம் வருகிறது, வீட்டுக்கு வரவில்லை. அப்படியென்றால் வேறொரு வீட்டுக்குப் போகிறது. அவளுக்குக் கிடைத்த விவரங்களை வைத்துப் பார்த்தால் இதைத் தவிர வேறு முடிவுக்கு யாராலும் வந்திருக்க முடியாது. அன்றிலிருந்து அவள் பணத்தைப் பற்றிக் கேட்பதை விட்டுவிட்டு, "யார் அவ?" என்று கேட்க ஆரம்பித்தாள். இல்லாத ஒருத்தியை அவன் எங்கிருந்து காட்டுவான்? மகளுக்கு ஐந்து வயது நடக்கும்போது அவளை அழைத்துக்கொண்டு பிறந்த வீட்டுக்குப் போய்விட்டாள்.

குடும்ப நீதிமன்றம் ஒரு பழைய கட்டடத்தின் மாடியில் இருந்தது. நடைபாதையில் இரும்பு நாற்காலிகளை ஒன்றோடொன்று கம்பியால் பிணைத்திருப்பார்கள். பிரிய வந்தவர்கள் பிணைத்த நாற்காலியில் உட்கார்ந்திருப்பார்கள். பிரிவதில் யாருக்கும் தகராறு இல்லை. மகள் தாயிடம் இருப்பதிலும் தகராறு இல்லை. மனைவி தனக்கென்று எதுவும் கேட்கவில்லை. ஒரு மருந்துக் கடையில் வேலைக்குச் சேர்ந்திருந்தாள். மகளின் செலவுக்குத் தகப்பன் மாதம் என்ன தர வேண்டும் என்பது மட்டும்தான் பாக்கி. அதற்கு அங்கே ஒரு கணக்கு இருந்தது. பெற்றவர்களின் வருமானம், குழந்தை யாரிடம் எத்தனை நாள் இருக்கிறது, இவற்றை வைத்து ஒரு தொகை போடுவார்கள்.

"மாத வருமானம்?" என்று நீதிபதி கேட்டார்.

கடையில் சம்பளச் சீட்டு கிடையாது. கவரில் போட்டுக் கையில் கொடுப்பது வழக்கம். ஆகவே அவன் வாயால் சொல்வதுதான் கணக்கு. அவனுக்குப் பின்னால் மாமனார் உட்கார்ந்திருந்தார், பக்கத்தில் மச்சான். இடப்பக்கம் மனைவி. உண்மையைச் சொன்னால், கல்யாணப் பேச்சன்றே இவன் பொய்யன் என்று அந்தப் பெரியவருக்குத் தெரிந்துவிடும். பொய்யைச் சொன்னால், இன்னொரு வீடு இருப்பது உண்மை என்று ஆகிவிடும். இரண்டில் எது தேவலை என்று யோசிக்க அவனுக்கு அவகாசம் இல்லை. தொண்டையைச் செருமினான்.

"முப்பதுங்க."

அதில் மூன்றில் ஒரு பங்கு, மாதம் பத்தாயிரம், மகளுக்குப் பதினெட்டு வயது முடியும்வரை நீதிமன்றக் கணக்கில் கட்ட வேண்டும் என்று உத்தரவானது. மாதத்தில் இரண்டு சனிக்கிழமை, கீழ்த்தளத்தில் உள்ள சந்திப்பு அறையில் மகளைப் பார்க்கலாம். தகப்பனுக்குக் குழந்தை தங்கத் தகுந்த வீடு அமைந்தால், விடுமுறை நாட்களில் அவள் அவனோடு தங்கலாம்.

வெளியே வந்ததும் மாமனார் அவன் கையைப் பிடித்துக்கொண்டார். "மத்ததெல்லாம் எப்படியோ போகட்டும் மாப்பிள்ளை. எத்தனை பேர் இங்க வந்து வருமானத்தைக் குறைச்சுச் சொல்லுறான் தெரியுமா? நீங்க உள்ளதைச் சொன்னீங்க. அதுக்கு உங்களை மதிக்கிறேன்."

அடுத்த ஆண்டே அவர் இறந்துபோனார். அந்த மதிப்பைக் கடைசிவரை திருப்பி எடுத்துக்கொள்ளவில்லை.

வைரம் வாடகை வீட்டைக் காலி செய்துவிட்டுக் கடையின் பரணுக்குக் குடிபோனான். மரப்படியில் ஏற வேண்டும். நிமிர்ந்து நிற்க முடியாது. காவலுக்கு ஆள் ஆயிற்று என்று முதலாளி வாடகை கேட்கவில்லை. மதியச் சாப்பாடு முதலாளி வீட்டிலிருந்து எல்லா வேலைக்காரர்களுக்கும் வரும். அதையே நிறையச் சாப்பிட்டு இரவை ஒப்பேற்றினான். சம்பளம் மெல்ல மெல்ல ஏறிப் பதினெட்டாயிரத்தில் நின்றது. அதில் பத்து போக எட்டு. வயிற்றைக் கட்டி வாயைக் கட்டி நான்கு வருஷம் ஒரு தவணை தவறாமல் கட்டினான். நீதிமன்றத்தில் சன்னலுக்குப் பின்னால் உட்கார்ந்து பணம் வாங்கும் குமாஸ்தா அவனைக் கண்டால் தானாகவே ரசீதுப் புத்தகத்தை எடுப்பார். "இங்க வர்ற அப்பாக்கள்ல நீங்க ஒருத்தர்தான் நான் ஆள் அனுப்பாம வர்றவர்" என்பார். அந்தச் சன்னலுக்கு முன்னால் நிற்கும் அந்தக் கொஞ்ச நேரம் மட்டும் அவன் உண்மையாகவே முப்பதாயிரம் சம்பாதிக்கிற ஆளாக இருந்தான். அதுவும் அவனுக்குப் பிடித்திருந்தது என்பதை மறைப்பதற்கில்லை.

கஷ்டம் பணத்தில் வரவில்லை. மகளின் வாயிலிருந்து வந்தது.

சந்திப்பு அறையில் பிளாஸ்டிக் நாற்காலிகளும், சக்கரம் போன பொம்மைக் கார்களும் கிடக்கும்; மூலையில் கம்பளி பின்னியபடி ஒரு பொறுப்பாளர் அம்மா இருப்பார். மகளுக்கு ஒன்பது வயது ஆகிவிட்டது. பொம்மைக் கார் ஓட்டும் வயது தாண்டிவிட்டது.

"அப்பா, உங்க வீடு எங்க இருக்கு?"

"கடைக்கு மேலதான் பாப்பா."

"நான் லீவுக்கு அங்க வரட்டுமா? என் ஃப்ரெண்டு அவங்க அப்பா வீட்டுக்குப் போறா. அவளுக்குத் தனியா ஒரு அலமாரி இருக்காம்."

"அங்க எல்லாம் கண்ணாடிடா. கால்ல குத்தும்."

"செருப்புப் போட்டுக்கிட்டு வர்றேன்."

அடுத்த சந்திப்பில் கேட்டாள். அதற்கடுத்த சந்திப்பிலும் கேட்டாள். பிறகு ஒரு தடவை கேட்கவில்லை. அவள் கேட்காத அன்றுதான் அவன் வருஷங்களை விரல்விட்டு எண்ணினான். இன்னும் இரண்டு மூன்று வருஷத்தில் அவள் பெரிய பெண்ணாகிவிடுவாள்; சக்கரம் போன கார்களுக்கு நடுவே உட்கார்ந்து தகப்பனோடு பேச எந்தப் பெண் வருவாள்? அதற்குள் ஓர் அறை வேண்டும். அறை இல்லையென்றால் மகள் இல்லை.

அறை தானாகவே எதிரே வந்தது. ஒரு மாடி வீட்டில் சன்னல் கண்ணாடி உடைந்திருக்கிறது என்று அளவெடுக்கப் போனான். காலியான அறை. பக்கத்திலேயே குளியலறை, வெயில் விழும் ஒரு சன்னல், சுவரில் பதித்த ஓர் அலமாரி. அலமாரியைத் திறந்து திறந்து மூடிப் பார்த்தான்.

"வாடகைக்கு விடத்தான் இருக்கு. மாசம் ஐயாயிரம்" என்றார் வீட்டுக்காரம்மா. "ஏன், உங்களுக்கா?"

"எனக்கும் என் பொண்ணுக்கும்" என்றான். சொல்லிவிட்டுத் தானே திடுக்கிட்டான்.

எட்டில் ஐந்து போனால் மூன்று. மூன்றில் ஒரு மனிதன் மாதம் முழுக்க இருக்க முடியாது. ஆனால் பத்து ஆறாகக் குறைந்தால் முடியும். அவனுடைய உண்மைச் சம்பளத்தில் மூன்றில் ஒரு பங்கு ஆறுதான். வீட்டுக்காரம்மாவிடம் மாதக் கடைசிவரை அவகாசம் கேட்டான். அவர் யோசித்தார். சன்னல் கண்ணாடியை என் செலவில் போட்டுத் தருகிறேன் என்றான். "மாசக் கடைசி வரைக்கும்தான், சொல்லிட்டேன்" என்றார்.

ஏழைகளுக்கு இலவசமாக வாதாடும் வக்கீல் அலுவலகம் நீதிமன்றத்துக்குப் பின்புறம் இருந்தது. சின்ன வயசு வக்கீலம்மா. அவன் சொன்னதையெல்லாம் கேட்டுவிட்டுப் பேனாவைக் கீழே வைத்தார்.

"அண்ணே, தொகையைக் குறைக்கணும்னா ஏதாவது மாறியிருக்கணும். வேலை போயிருக்கணும், சம்பளம் குறைஞ்சிருக்கணும், உடம்புக்கு முடியாமப் போயிருக்கணும். உங்களுக்கு என்ன மாறியிருக்கு?"

"ஒண்ணும் மாறலைங்க. சம்பளம் அன்னைக்கும் முப்பது இல்ல. இப்ப கூடத்தான் ஆயிருக்கு."

"அப்ப சிக்கல்தான். அவங்கம்மா ஒத்துக்கிட்டாகூட நீதிபதி பார்த்துத்தான் குறைப்பாங்க. ஏன்னா அது அவங்களுக்குக் கொடுக்கிற பணம் இல்ல, உங்க பொண்ணோட பணம். பொண்ணைப் பார்க்கிறது வேற, பணம் கட்டுறது வேற. பணம் கட்டலைன்னாலும் நீங்க பார்க்கலாம். பார்க்க விடலைன்னாலும் நீங்க கட்டணும். ஒண்ணைக் காட்டி இன்னொண்ணை நிறுத்த முடியாது."

"உண்மையைச் சொன்னா?"

"அன்னைக்குச் சத்தியம் பண்ணிட்டுத்தானே முப்பதுன்னு சொன்னீங்க? பொய்னு ஒத்துக்கிட்டா அதுக்கே உங்க மேல கேஸ் போடலாம். யோசிச்சுக்கோங்க."

கடையில் ரேடியோ இதைக் கேட்டுவிட்டு அவனால் முடிந்த யோசனையைச் சொன்னான். "உடம்புக்கு முடியாமப் போனாக் குறைப்பாங்கல்ல? ஒரு விரலைக் கொடுத்துடு. இத்தனை வருஷமாக் கண்ணாடியில கிடக்கறே, உடம்புல ஒரு கீறல்கூட இல்லாம நிக்கறே. பாக்கறவன் எப்படி நம்புவான்?"

வைரம் சிரித்தான். பிறகு சாயங்காலம்வரை, தாளை அழுத்தும்போதெல்லாம் தன் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தான். கடைசியில் உண்மையைச் சொல்வது என்று தீர்மானித்தான். முதலாளி, இவனுக்கு மாதம் பதினெட்டாயிரம் கொடுக்கிறேன் என்று கடைத் தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்.

விசாரணை நாளில் நீதிபதி வேறொருவர்; கண்ணாடி போட்ட நடுத்தர வயது அம்மையார். வைரம் எழுந்து, கல்யாணப் பேச்சிலிருந்து ஆரம்பித்து எல்லாவற்றையும் சொன்னான். அக்கா சொன்னது, தான் தலையாட்டியது, கண்ணாடி உடைந்தது என்று கதைவிட்டது, மாமனார் முன்னால் மாற்றிச் சொல்ல வெட்கப்பட்டது, இப்போது மகளுக்காக ஓர் அறை பார்த்து வைத்திருப்பது. வாழ்நாளில் அவன் ஒரே மூச்சில் அவ்வளவு பேசியதில்லை. அறையில் யாரோ சிரித்தார்கள். மனைவி சிரிக்கவில்லை. தலையைக் குனிந்தபடி உட்கார்ந்திருந்தாள்.

மச்சான் எழுந்துவிட்டார். "அம்மா, இது நேத்து ராத்திரி உக்காந்து ஜோடிச்ச கதை. அன்னைக்கு எங்கப்பா முன்னாடி தலையாட்டினதை நானே பார்த்தேன். செத்தவரை இப்ப சாட்சிக்குக் கூப்பிட முடியாதுன்னு தைரியம்."

"உட்காருங்க" என்றார் நீதிபதி. பிறகு வைரத்தைப் பார்த்து, "இங்க வர்ற அப்பாக்கள்ல பத்துல எட்டுப் பேர் சம்பளம் கம்மின்னுதான் சொல்றாங்க. முதலாளிகளும் கேட்டபடி எழுதிக் கொடுக்கறாங்க. அதை விடுங்க. நாலு வருஷமா மாசம் பத்தாயிரம் கட்டியிருக்கீங்க, ஒரு தவணைகூடத் தவறல. குமாஸ்தா உங்களைப் பத்தி நல்ல விதமா எழுதியிருக்கார். சம்பளம் பதினெட்டுன்னா, மீதி எட்டுல நாலு வருஷம் எப்படி இருந்தீங்க?"

"கடைப் பரண்ல படுத்துக்கறேங்க. வாடகை இல்ல. மதியம் முதலாளி வீட்டுச் சாப்பாடு."

மனைவி தரப்பு வக்கீல் எழுந்தார். "இலவசமா இருப்பிடம், இலவசமா சாப்பாடு. இதுவும் வருமானத்துல சேரணும் அம்மா. அப்படிப் பார்த்தா முப்பது வந்துடும் போல இருக்கே."

நீதிபதி அவன் பக்கம் திரும்பினார். "ஒருத்தர் நாலு வருஷம் தவறாமக் கட்டினார்னா, அவரால கட்ட முடியும்னுதான் அர்த்தம். நீங்க நடுவுல நாலு தவணை விட்டிருந்தா நான்கூட யோசிச்சிருப்பேன். அன்னைக்குச் சொன்னது பொய்னா குற்றம், இன்னைக்குச் சொல்றது பொய்னாலும் குற்றம். நல்லபடியாக் கட்டிட்டு வர்றவர்ங்கறதால அதுக்குள்ள நான் போகல. எதுவும் மாறினதா நிரூபணம் இல்லை. தொகை அப்படியே இருக்கும்."

அடுத்த வழக்குக்காரர்களைக் கூப்பிட்டார்கள். ஒரு தவணையாவது தவறியிருந்தால் என்று வைரம் அப்போதுதான் முதல் முறையாக நினைத்தான். தவறாமல் கட்டிய ரசீதுகள் அத்தனையும் அவன் மடியில், ரப்பர் வளையம் போட்டு இருந்தன. அவன் நல்லவன் என்று காட்டக் கொண்டுவந்தவை.

நடைபாதையில் இரும்பு நாற்காலியில் உட்கார்ந்திருந்தவனிடம் மனைவி வந்தாள். அண்ணனைக் கீழே போகச் சொல்லிவிட்டாள். ஒரு நாற்காலி விட்டு அடுத்த நாற்காலியில் உட்கார்ந்தாள். கம்பி ஒன்று என்பதால் இவன் நாற்காலியும் ஆடியது.

"பதினெட்டுதானா?"

"ஆமா."

"கல்யாணத்தப்போ?"

"பதினஞ்சு."

அவள் விரலை மடக்கிக் கணக்குப் போட்டாள். "அப்ப மாசாமாசம் எல்லாத்தையும் எங்கிட்டதான் கொடுத்தீங்க."

"ரெண்டு எடுத்துக்குவேன்."

"அப்படி ஒருத்தி இல்லவே இல்ல."

"இல்ல."

"பதினஞ்சுன்னு சொல்லித் தொலைச்சிருந்தா நான் பதினஞ்சுக்குள்ள குடும்பம் பண்ணியிருப்பேனே" என்றாள். குரல் உயரவில்லை. "பாவி. அத்தனை ராத்திரி அவ மூஞ்சி எப்படி இருக்கும்னு யோசிச்சு யோசிச்சே எனக்குப் பாதி முடி கொட்டிப்போச்சு."

வைரம் ரசீதுக் கட்டின் ரப்பர் வளையத்தை இழுத்து இழுத்து விட்டான். கடைசியில், "நம்புறியா?" என்று மட்டும் கேட்டான்.

"நம்புறேன். இவ்வளவு கேவலமான கதையை யாரும் ஜோடிக்க மாட்டாங்க."

"அப்ப நீ ஒரு வார்த்தை எழுதிக் கொடுத்தா, மறுபடி ஒரு தடவை..."

அவள் மாட்டேன் என்று தலையை அசைத்தாள். கோபமில்லாமல்தான் அசைத்தாள். "பத்துன்னு வெச்சுத்தாங்க அவளை அந்தப் பள்ளிக்கூடத்துல சேர்த்தேன். அப்பா போனதும் அண்ணன் வீட்டுல இருக்க முடியல, தனியா வீடு எடுத்தேன், அதுவும் பத்தை நம்பித்தான். அவ பல்லுக்குக் கம்பி கட்டியிருக்கு, ரெண்டு வருஷம் கட்டணும். நாலு குறைஞ்சா நான் எதை நிறுத்துறது? நீங்களே சொல்லுங்க. நீங்க சொல்றதை நிறுத்துறேன்."

அவன் யோசித்தான். பள்ளிக்கூடத்தை நினைத்தான், பல்லை நினைத்தான், அவர்கள் இருக்கும் வீட்டை நினைத்தான். மகள் முப்பதாயிரம் சம்பாதிக்கும் ஒருவனின் மகளாக வளர்ந்துவிட்டாள். இனி அவளைச் சுருக்க முடியாது.

"ஒண்ணையும் நிறுத்த வேண்டாம்" என்றான்.

அவள் எழுந்தாள். இரண்டடி போனவள் திரும்பி வந்து, "ராத்திரிக்கு என்ன சாப்பிடுறீங்க?" என்று கேட்டாள். அவன் ஏதோ ஒரு பதில் சொன்னான். அவள் அதையும் நம்பினாளா என்று தெரியவில்லை. படியில் இறங்கிப் போய்விட்டாள்.

மாதக் கடைசி வருவதற்கு முன்பே வைரம் வீட்டுக்காரம்மாவிடம் போய், அறை வேண்டாம் என்று சொல்லிவிட்டான். வேறு ஆளுக்கு விட அவருக்கும் நாள் வேண்டுமே. அவன் போட்ட கண்ணாடி சன்னலில் இருந்தது. பட்டி காய்ந்து கெட்டியாகிவிட்டிருந்தது. ஓரத்தில் தன் கட்டைவிரல் ரேகை பதிந்திருப்பதைப் பார்த்து, சட்டை நுனியால் துடைத்தான்.

"கண்ணாடிக் காசை வாங்கிக்கோங்க. சும்மா வெச்சுக்கறது நல்லா இல்ல" என்றார் வீட்டுக்காரம்மா.

"இருக்கட்டும்மா. கழட்டினா உடைஞ்சுடும்."

"பொண்ணு வர்றான்னு சொன்னீங்களே?"

"அவளுக்குப் பரீட்சை" என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினான்.

அந்த வாரச் சனிக்கிழமை சந்திப்பு அறைக்கு மகள் ஒரு பையோடு வந்தாள். பையில் ஒரு டிபன் டப்பா. "அம்மா உங்களுக்குக் கொடுக்கச் சொன்னாங்க" என்று நாற்காலியில் வைத்தாள். நான்கு வருஷத்தில் அப்படி எதுவும் வந்ததில்லை. பொறுப்பாளர் அம்மா பின்னலிலிருந்து தலை தூக்கிப் பார்த்துவிட்டுத் திரும்பவும் குனிந்துகொண்டார்.

வைரம் டப்பாவைத் திறக்கவில்லை. இன்று சொல்லிவிடுவது என்றுதான் வந்திருந்தான். அப்பாவிடம் அறை இல்லை, அறை எடுக்கப் பணமும் இல்லை, அப்பா சம்பாதிப்பது இவ்வளவுதான். பஸ்ஸில் வரும்போது அதை எளிய வார்த்தைகளில் அடுக்கிக்கூட வைத்திருந்தான். தாயிடம் சொல்லாமல் விட்டதை மகளிடமாவது நேரத்தோடு சொல்லிவிட வேண்டும்.

"அப்பா, நீங்க புது ரூம் பார்த்திருக்கீங்களாமே? மாமா அம்மாகிட்டச் சொல்லிக்கிட்டு இருந்தார், நான் கேட்டேன்" என்றாள் மகள். பல்லில் கட்டிய கம்பி மின்னியது. "நிஜமாவா?"

அவன் அவள் முகத்தைப் பார்த்தான். அந்த முகத்தில் யாரோ எழுதியது போல அப்படியே அவளுடைய தாத்தா. எதைச் சொன்னாலும் சொன்னபடியே எடுத்துக்கொள்ளும் முகம்.

அவன் தலையை ஆட்டினான்.

"அலமாரி இருக்கா?"

"இருக்கு."

"சன்னல்?"

"இருக்கு பாப்பா. கண்ணாடி நான்தான் போட்டேன்."

"எவ்வளவு பெருசு?"

அவன் இரண்டு கையையும் விரித்துக் காட்டினான். இத்தனை வருஷமாக அளந்து பழகிய கைகள். சன்னலின் அளவு அவற்றுக்கு நன்றாகத் தெரியும். சரியான அளவில்தான் முதலில் நின்றன.

"அவ்வளவுதானா?" என்றாள் மகள்.

கைகள் இன்னும் கொஞ்சம் விரிந்தன.